படங்கர் சம்மதித்த மூன்றாவது உறை

மூடியிருக்கிற ஒரு பொருளைக் கண்டால் அதை மூடியபடியே விட்டுவிட்டுப் போகிற நல்ல பழக்கம் படங்கருக்குப் பிறவியிலேயே கிடையாது. பலேர்மோவில் உள்ள தமிழ் வீடுகளில் அவர் கை வைக்காத மூடி இல்லை. ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தோம். கடைக்காரன் சோபாவுக்கு மேல் போட்டு அனுப்பிய பொலித்தீனை எட்டு வருடமாகக் கழற்றாமல் காப்பாற்றி வந்த குடும்பம் அது. அதில் உட்கார்ந்திருந்தவரோ பங்குச் சுவாமி.

"ஒருக்கால் எழும்புங்கோ ஃபாதர்" என்றார் படங்கர்.

அவர் எழும்பினார். படங்கர் பேனாக்கத்தியை எடுத்துப் பொலித்தீனை நீட்டுக்குக் கிழித்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இப்ப இருங்கோ. பாவம், எட்டு வரியமாய் அவிஞ்சுபோய்க் கிடந்திருக்கு" என்றார். சோபாவைச் சொன்னாரா சுவாமியைச் சொன்னாரா என்று வீட்டுக்காரிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவள் அன்று முழுவதும் அழுதாள். நியாயமான அழுகை.

துறைமுகத்தில், நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் கப்பலேறுகிற லொறிகளின் சரக்கு நனையாமல் மேலே தடித்த படங்குத் துணி போர்த்துக் கட்டுவது அவருடைய வேலை. அதனால்தான் படங்கர். சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "பெயரை வைச்சு என்னடாப்பா கட்டப்போறாய்?" என்பார்.

இப்படிப்பட்ட ஒருவரை என் சொந்த விஷயத்துக்குள் நானே கூப்பிட்டு விட்டேன். அதை நினைக்க நினைக்க எனக்கு என்மேலும் கோபம், அவர்மேலும் கோபம்.

என் மனைவி செல்வி பத்தொன்பது ஆவணி மாதங்களை மற்றவர்களின் கடற்கரை வீடுகளில் கழித்தவள். கழித்தவள் என்று எழுதுவதே பிழை. கூட்டினாள், துடைத்தாள், அவர்களுடைய ஈர நீச்சலுடைகளை அலசிக் காயப்போட்டாள். கடல் எப்போதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போன ஐப்பசியில், அவள் வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா, தன் புருஷன் செத்த பிறகு சும்மா நின்ற ரூலொட்டை எங்களுக்கே தந்துவிட்டார். ரூலொட் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு, கை முகம் கழுவ ஒரு தொட்டி.

செல்வி அதற்குள் ஏறி, மேசைக்குப் பக்கத்தில் இருந்த இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வாற ஆவணியிலை பத்து நாள். கடற்கரையிலை. நான் ஒண்டும் துடைக்க மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

நான் சரி என்றேன். அந்த நிமிடத்திலிருந்து என் நித்திரை போயிற்று.

ஏனென்றால் ஆவணிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. ரூலொட் நிற்கப் போவதோ பிரான்காச்சோவில், ஒரு மெக்கானிக்கின் வெளி முற்றத்தில். கூரை இல்லை. மாரியில் மழை, பங்குனியில் ஆபிரிக்காவிலிருந்து வருகிற சிரோக்கோக் காற்று, அது கொண்டுவந்து கொட்டுகிற செம்மண், பிறகு வெயில். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒரு பொருள் எத்தனை விதமாகக் கெட்டுப்போகலாம் என்று கேட்டால் புத்தகமே எழுதுவேன்.

கபோ சந்தைக்குப் போய், இருந்ததிலேயே தடித்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு வாங்கினேன். ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது நாங்கள் எப்படிக் கட்டுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். பொலித்தீன், அதற்கு மேல் பொலித்தீன், பிறகு பெட்டி கண்ணுக்கே தெரியாதபடி ஒட்டுநாடா. கொழும்புத் துறைமுகத்தில் கடலுக்குள் விழுந்தாலும் உள்ளே சவர்க்காரம் நனையக்கூடாது. அதே மாதிரி அந்த ரூலொட்டைச் சுற்றினேன். அடியாலும் சுற்றினேன். உள்ளே மெத்தைகளுக்கு வேறாகப் பொலித்தீன் போட்டேன். ஒரு எறும்பு உள்ளே போகட்டும் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் படங்கரைக் கூட்டிக்கொண்டு போனேன். படங்கு தெரிந்தவர், ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்ற ஆசை. அவர் ரூலொட்டை ஒருமுறை சுற்றி வந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். கத்தியை எடுத்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"செத்தவனுக்கு எண்டாலும் முகத்தைத் திறந்து விடுவினம். நீ அதுகும் விடேல்லை."

கூரையிலிருந்து சில்லுவரை ஒரே கிழி.

"முடிச்சை அவிட்டிருக்கலாமே அண்ணை."

"உந்த முடிச்சை அவிழ்க்க வெளிக்கிட்டால் ஆவணி வந்திடும்."

பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக வடிந்தது. கதவைத் திறந்தார். ஈரத் துணியை ஒரு கிழமை வாளிக்குள் மறந்துவிட்டால் வருமே, அந்த மணம். கூரையின் ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகள். செல்வி தன் கையால் தைத்துப் போட்ட மஞ்சள் திரையின் விளிம்பிலும் பூஞ்சணம்.

"மேலாலை வாற தண்ணிக்குப் பயந்தாய். உள்ளுக்கை இருக்கிற ஈரம் எந்த வழியாலை போறது? உன்ரை காதாலையே?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். சரியைச் சொல்வதற்கு ஒருவன் என் விரிப்பைக் கிழிக்க வேண்டுமா? இரண்டு நாள் எலுமிச்சம்புளியும் வினாகிரியும் போட்டு நான் அந்த மூலையைத் தேய்த்தேன். செல்விக்குச் சொல்லவில்லை. திரையை மட்டும் ஒளித்து எடுத்து வந்து கழுவினேன்.

இத்தாலியில் வாங்கினால்தானே இவர் கை வைப்பார் என்று, இரண்டாவது உறைக்கு லண்டனில் இருக்கிற என் மச்சானைப் பிடித்தேன். லண்டன் சாமான் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. புட்டுக் குழலிலிருந்து அலாரம் வரைக்கும் லண்டனிலிருந்து வந்தால் அது வேறு. மச்சானும் நல்ல மனம். மழையைத் தடுத்து ஈரத்தை வெளியே விடுகிற துணி, இரட்டைத் தையல், அடியால் இழுத்துக் கட்ட வார், கதவுக்கு நேரே திறந்து மூட நீளமான சிப். எல்லாம் கேட்டு விசாரித்து அனுப்பினான்.

உறை வந்தது கேள்விப்பட்டுப் படங்கரும் வந்துவிட்டார். துணியை உருட்டிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். பிழை கண்டுபிடிக்க முடியாமல் அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இருவருமாக ஏணி வைத்துப் போர்த்தோம். சரியான அளவு. படங்கர் சிப்பை மேலே இழுத்தார்.

உள்ளே சுவர்.

கதவு மற்றப் பக்கம் இருந்தது. படங்கர் சிப்புக்குள் தலையை விட்டு, அந்த வெள்ளைச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, லண்டன்காரன் எந்தப் பக்கத்தாலை ஏறுவான் எண்டு கேட்டனியே?"

மச்சானுக்கு உடனே போன் எடுத்தேன். "இஞ்சை வாகனம் ஓடுறதே இடப்பக்கம், கதவும் அந்தப் பக்கந்தான். உங்கை மாறியோ வைக்கிறவங்கள்?" என்று அவன் என்னைக் கேட்டான். வலப்பக்கம் கதவு வைத்தது ஏதோ என் வீட்டுத் தீர்மானம் போல.

"முன்பக்கத்தைப் பின்பக்கமாய்த் திருப்பிப் போட்டால் என்ன, அண்ணை?"

"முன்னுக்குக் காரிலை கொழுவிற கொக்கி வெளியாலை வர வெட்டு இருக்கு. பின்னுக்கு என்னத்தை நீட்டுறது, உன்ரை மூக்கையே?"

"அப்ப கதவில்லாமல் விடுவம். ஆவணிவரைக்கும் ஆர் உள்ளுக்கை போகப்போயினம்?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதுபோல் அவர் என்னைப் பார்த்தார். "கதவில்லாத உறை எனக்கு முன்னாலை நிக்கப்படாது" என்றார். உறை லண்டனுக்குத் திரும்பிப் போயிற்று. என் ரூலொட்டுக்கு முன்னால் எது நிற்கலாம் என்று தீர்மானிக்க அவர் யார்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாவது உறையைத் தானே தெரிவு செய்வேன் என்றார். நகரத்துக்கு வெளியே, முகாம் சாமான் விற்கிற கடை. நான் அங்கே பட்ட வெட்கத்தை எந்தச் சின்யோராவின் வீட்டிலும் பட்டதில்லை. படங்கர் முதலாவது துணியை எடுத்துத் தலையோடு முகத்தைப் போர்த்துக்கொண்டு, உள்ளே இருந்தபடி "அருள் நிறைந்த மரியே" மூன்று தரம் முழுதாகச் சொன்னார். மூன்றாவது முடிவதற்குள் மூச்சு முட்டினால் அந்தத் துணி சரியில்லை. கடைக்காரப் பெண் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தாள். நான்கு உறைகளை அப்படிச் செபித்துத் தள்ளினார். ஐந்தாவதில், என் உள்ளங்கையைத் துணிக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, மேலே போத்தல் தண்ணீரைக் கவிழ்த்தார். தரையெல்லாம் வெள்ளம். என் கை காய்ந்திருந்தது.

அதோடு விட்டாரா? வெயிலுக்கு நிற்குமா என்று அறிய, கண்ணாடி ஜன்னலில் பல கோடையாகத் தொங்கிய மாதிரித் துண்டைக் கழற்றச் சொல்லி நகத்தால் சுரண்டினார். தூள் உதிரவில்லை. கூரைக்குத் தடித்த துணி, பக்கங்களுக்கு மெல்லியது, சாம்பல் நிறம், வலப்பக்கம் சிப்.

"இது" என்றார். கடைக்காரப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

போர்ப்பதற்கு முன்பும் அவருக்குச் சட்டங்கள் இருந்தன. ஊத்தை இருந்தால் துணிக்கும் சுவருக்கும் நடுவில் மண் அரைக்கும் என்று ரூலொட்டைக் கழுவ வைத்தார். கழுவியதை இரண்டு நாள் திறந்து காய வைத்தார். கூரான மூலைகள் துணியை ஓட்டையாக்கும் என்று, எல்லாவற்றுக்கும் ஏதாவது சுற்ற வேண்டும் என்றார். கொண்டுவந்த பழந்துணி இரண்டு மூலைக்குப் போதவில்லை.

"காலுறையைக் கழட்டு."

"அண்ணை, நான் பஸ்ஸிலை போகவேணும்."

"பஸ்ஸுக்கு ஆர் காலுறை கேக்கிறாங்கள்?"

தை மாதக் குளிரில் வெறுங்காலைச் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு நான் வீடு வந்தேன். துணி படபடத்தால் அதுவே அரத்தாள் மாதிரி வண்ணத்தை உரித்துவிடும் என்று, வார்களை லொறிக்குக் கட்டுவது போல் இழுத்துக் கட்டினார். தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வந்தது. வேலை செய்ய என்று என்னிடம் வாங்கிய கதவுத் திறப்பை, அதுதான் சாவியை, திருப்பித் தரவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

பங்குனியில் சிரோக்கோ அடித்தது. பால்கனி உடுப்பெல்லாம் சிவப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் முடியாததுமாகப் பிரான்காச்சோவுக்கு ஓடினேன். உறை இறுக்கமாக, அப்படியே நின்றது. சிப் மட்டும் திறந்திருந்தது. வாசலில் ஒரு சோடி சப்பாத்து ஒழுங்காக வைத்திருந்தது. உள்ளே, செல்வியின் இருக்கையில், படங்கர் காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் தேநீர்ப் பிளாஸ்க்.

"உன்ரை சினேகிதர் இரண்டு ஞாயிறுக்கு ஒருக்கால் வாறவர்தானே" என்று மெக்கானிக் இத்தாலியனில் சொல்லிவிட்டுப் போனான்.

"காத்து விடுறன்" என்றார் படங்கர், எழும்பாமலே. "நீ விடுவியே?"

"காத்து விடுறதுக்கு ஏன் படுக்க வேணும்?"

"நிண்டுகொண்டு விட்டால் காத்து வேற மாதிரியோ வரும்?"

கிழிந்த விரிப்பு, காலுறை, கடையில் பட்ட வெட்கம் எல்லாம் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தது. "செல்வியே இன்னும் அதிலை சரியாய் இருந்து பாக்கேல்லை. உங்களுக்கு எண்டு ஒரு வீடு வாசல் இருந்தால் மற்றவையின்ரை இடத்திலை வந்து படுப்பியளே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் இரண்டு பேரோடு ஒரு அறையில் கட்டில் எடுத்து இருக்கிறவர். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

எழும்பினார். இருக்கையைக் கையால் தட்டி விட்டார். சப்பாத்தைப் போட்டார். திறப்பை மேசையில் வைத்தார். நான் வெளியே வந்த பிறகு சிப்பை அடிமட்டும் இழுத்து, வாரை ஒருதரம் இறுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு கோயிலில் கண்டாலும் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்பார்.

ஒரு தொல்லை விட்டது என்று இரண்டு கிழமை சந்தோஷமாக இருந்தேன். பிறகு காற்று விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. போனேன், சிப்பைத் திறந்தேன், வாசலில் நின்றேன். அரைமணி நேரம் நின்றுகொண்டே காற்று விடுவது எவ்வளவு விசர் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் இருக்கையில் உட்கார்ந்தேன். ஆனால் படுக்கவில்லை.

ஆடி முடிய உறையைக் கழற்றினோம். செல்வி முதல் ஆளாக உள்ளே ஏறினாள். நான் கீழே நின்று அவள் மூக்கைப் பார்த்தேன்.

"உலர்ந்த சீலை மணம்" என்றாள்.

மெக்கானிக் தன் வாகனத்தில் இழுத்துக்கொண்டு போய்க் கடலுக்குப் பக்கத்தில் விட்டான். முதல் நாள் செல்வி மஞ்சள் திரையை விலக்கிவிட்டுத் தன் இருக்கையில் இருந்தாள். ஒன்றும் துடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இருந்தாள். நான் தட்டுக் கழுவினேன். மூன்றாம் நாள் காலை, கடலைப் பார்த்தபடி கேட்டாள்:

"படங்கர் அண்ணைக்கும் இப்ப லீவுதானே. அந்தாள் எங்கை போயிருக்கும்?"

"எங்கையும் போகட்டும்." கிழித்தது, தண்ணீர் ஊற்றியது, படுத்தது எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். நான் கடைசியாகக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அதுக்கு அந்தாள் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லாமல் போற ஆளோ அது? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் இருக்கையை விட்டு எழும்பி, வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த இடத்தில் தனக்கு இனி இருக்க ஏலாது என்றாள். பத்தொன்பது வருடம் காத்திருந்த இருக்கை வெறுமையாகக் கிடந்தது.

பஸ் எடுத்தேன். பலேர்மோவில் இறங்கி, வெயிலில் நான்கு மாடி ஏறினேன். என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வசனம் தயார் செய்தேன். கதவைத் தட்டினேன்.

படங்கர் முழுக்கைச் சேட்டுப் போட்டுச் சப்பாத்தோடு நின்றார். கதவுக்குப் பின்னால், பயணத்துக்கு எடுத்து வைத்த ஒரு பை.

"அண்ணை" என்றேன்.

"மூண்டு நாள் பிந்தி வாறாய்" என்றார், சரியான கோபத்தோடு.

பை வாய் திறந்தே இருந்தது. உள்ளே மாம்பழம். நாங்கள் கடலுக்குப் போன அன்றே வாங்கியிருக்க வேண்டும். ஒருபக்கம் கனிந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் அதைக் கீழே வைக்கச் சொல்லி அவர் எவ்வளவோ சத்தம் போட்டார். நசியாமல் கடல்வரைக்கும் நான் அதை மடியில்தான் வைத்திருந்தேன்.