நான்கு படங்களுக்கு நடுவே விட்ட இடம்

நெருப்பெரிச்சல்,
12.8.2004

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு, மகள் பிரிசில்லா வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் வெள்ளகோவிலில் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. போனில் சொல்லலாம்; ஆனால் உங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. நான் மெதுவாகப் பேசினால் சித்தி, "சத்தமாப் பேசு கண்ணு" என்று தெருவையே கூட்டிவிடுவார்கள்.

நீங்கள் சொல்லி வாங்கித் தந்த பனியன் கம்பெனி வேலை போய்விடும் போலிருக்கிறது. துவைத்த பனியன் துணி எவ்வளவு சுருங்குகிறது என்று நான்கு லாட்டுக்கும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி ஒரு லாட்) நான்கு வரைபடம் போட்டு, மேலே இரண்டு கீழே இரண்டாக ஒரே தாளில், சரக்கு வாங்கும் பையருக்குத் தர வேண்டும். கல்லூரியில் படித்த அதே கணித மென்பொருள்தான். முதலில் கீழ்ப் படத்தின் தலைப்பு மேல் படத்தின் எண்களை இடித்தது. இடைவெளியைக் கூட்டினேன், படங்கள் சிறுத்துவிட்டன. முதலாளி கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "ஏங்கண்ணு, துணிதான் சுருங்குதுன்னா படமுமா சுருங்கோணும்?" என்றார். பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் மூக்கையா அண்ணன். துணிமேல் அளவு அட்டைகளை நெருக்கி வைத்து மிச்சம் பிடிப்பதே அவர் தொழில். தாளில் வெள்ளை இடத்தைக் கண்டதும் பதறிவிட்டார். "இம்புட்டு எடம் விட்டு நான் துணி வெட்டுனா கம்பெனி என்னத்துக்கு ஆகும்? ஒட்டிப் போடு தாயி!" முதலாளியும், "ஆமாங்கண்ணு, ஒட்டிப் போடு" என்றார்; நானும் இடைவெளியைப் பூஜ்யமாக்கி அச்சடித்துக் கொடுத்தேன், தாளும் பையர் ஆபீசுக்குப் போய்விட்டது, அப்புறம்தான் கையிலிருந்த நகலைப் பார்க்கிறேன், மூன்றாம் லாட்டின் பெயர் மேலே ஏறி முதல் படத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது! சுருங்கிச் சீரழிந்தது முதல் லாட்; பழி மூன்றாவதுக்கு. நல்ல துணியைத் தள்ளிவிட்டு கெட்டதைக் கப்பலேற்றிவிட்டால்?

முதலாளி செருமினாலே எழுந்து நிற்கிறேன். வேலை போனால் அப்பா அந்தக் குண்டடத்துக் கோழிப்பண்ணை வரனைக் கையோடு கூட்டி வந்துவிடுவார். விரட்டப்பட்டு வந்தவள் என்ற பேர் வேண்டாம், நானே முந்திக்கொள்கிறேன். எனக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமிருந்தால் மூன்றாம் லாட்டையும்.

பணிவுள்ள மகள்,
பிரிசில்லா

பின்குறிப்பு: இப்போதுதான் பையர் ஆபீசிலிருந்து முதலாளிக்குப் போன். அந்தத் தாளில் ஒன்றுமே விளங்கவில்லையாம். நான்கு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். ஒரே படத்துக்கு இடைவெளி ஏது? முதலாளி, "அதையும் நீயே போடு கண்ணு, இனி எல்லா லாட்டும் உம்பொறுப்பு" என்றுவிட்டார். வேறு இன்லேண்ட் கடிதத்தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். சம்மதம் என்று எழுதிய வரியை நன்றாக அடித்திருக்கிறேன். அடித்த பிறகும் தெளிவாகத் தெரிகிறது. தயவுசெய்து தெரியாத மாதிரி படியுங்கள்.