செல்லாத படை

ஊரிலுள்ள படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டுப் பிழைக்கிறவர், ஒரு நாள் வீட்டில் மனிதர்களுக்கும் சட்டம் போட்டுவிட்டார்.

"இனி என் மேசையில கம்பெனி பொம்மை, கம்பெனி விதி. வேற எதுக்கும் இடமில்லை!"

ஒரு கம்பெனி செய்து விற்கும் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, அளந்து நகர்த்திச் சண்டை போடும் விளையாட்டு அது. ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுத் தபால்காரரும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் விளையாட வருவார்கள். அன்றைக்குத் தபால்காரரின் தளபதி கீழே விழுந்து தலை போய்விட்டது. பாவம், அந்த இடத்தில் ஒரு சட்டைப் பட்டனை வைத்தார். அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

"எடுய்யா அதை!"

"பட்டன்தானே அண்ணே, கடிக்கவா போகுது?"

"விதின்னா விதி!"

தபால்காரர் பட்டனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். டாக்டரும் ஏதோ ஒரு பல் அவசரமாகக் காத்திருப்பதாகச் சொல்லி நழுவினார்.

அப்புறம் யாரும் வரவில்லை. வெளியே ஓயாத மழை. சட்டக்காரர் இரண்டு காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து படையைத் தூசி தட்டினார். ஒவ்வொரு சிப்பாய்க்கும் புருவம் வரை வர்ணம் தீட்டியவர் அவர். அதைப் பார்த்து 'அடடா' என்று சொல்ல ஒரு நாதி இல்லை. போய்க் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. தனிமை ஆளை அரித்தது. சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் திரும்பினார். அந்த அம்மாள் தையல்காரி. தரையில் குனிந்து துணி வெட்டியே இடுப்பு ஒடிந்தவள். அந்த மேசைமேல் அவளுக்கு நெடுநாளாய் ஒரு கண்.

"நீ என்னோட விளையாடேன்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"கம்பெனியோட புதுப் புத்தகம் வந்திருக்கு. வரி விடாமப் படி. நானே இன்னும் பிரிக்கல."

"அதுல போட்டிருக்கிறதுதான் முடிவா?"

"அதுதான் முடிவு. மறுபேச்சே கிடையாது."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நானா? என்னைப் பார்த்தா கேக்கறே?"

ஞாயிறு வந்தது. அவர் ஆசை ஆசையாய்ப் படையை நிறுத்தினார். அவள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"இது எந்தப் படைங்க?"

"மலைப்படை. பத்து வருஷ உழைப்பு!"

"எடுங்க."

"என்னது?"

"மலைப்படையைக் கம்பெனி நிறுத்திடுச்சாம். இனி ஆட்டத்துல செல்லாது. நீங்களே பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"நம்ம வீட்டுக்குள்ள ஆடறது கம்பெனிக்கு எப்படித் தெரியும்?"

"விதின்னா விதின்னு தபால்கார அண்ணனை விரட்டினது யாருங்க?"

அவர் ஒவ்வொரு சிப்பாயாக எடுத்துச் செருப்புப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பெட்டியை மூடித் திரும்புவதற்குள் மேசைமேல் துணி விரிந்துவிட்டது.

"சும்மாதானே கிடக்கு" என்றாள், கத்தரிக்கோலை எடுத்தபடி.

அடுத்த ஞாயிறு மூடிய அறைக்குள் படுத்திருந்தவருக்குக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். தையல் மேசையில் துணிக்குவியல்கள் மலைகளாக நின்றன. நடுவே கறுப்புப் பட்டன்களும் வெள்ளைப் பட்டன்களும் மோதிக்கொண்டிருந்தன. தபால்காரர் பகடை உருட்ட, டாக்டர் தலையில் அடித்துக்கொள்ள, மனைவி தையல் டேப்பால் தூரம் அளந்துகொண்டிருந்தாள். விதிகள் எல்லாம் அவள் போட்டவை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கதவோரம் வெகுநேரம் நின்றார்.

"நானும் வரலாமா?"

"வாங்க. ஆனா இந்த மேசையில பொம்மைக்கு இடமில்லை. பட்டன் இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். தன் சட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து நீட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் வைத்தாள்.

"சாதாரணச் சிப்பாய்தான், இருக்கட்டும். ஆட்டம் முடிஞ்சதும் நீங்களேதான் தச்சுக்கணும். அது என் விதி."