ஆளுக்கு ஒரு குறை

வீட்டு நிர்வாகத்தைச் சீர்திருத்தப் போவதாக என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்றால், அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவ்வளவுதான்.

"ஏங்க, அந்தச் சின்ன ரூமைத் தையலுக்கு எடுத்துக்கட்டுமா?"

அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். மெஷின் கிடப்பது நடைவழியில். குளிக்கப் போகிறவர்கள் அரைக்கை சட்டைகளை மிதிக்காமல் தாண்டினால் அது சாதனை. சின்ன அறையிலோ, "எதுக்காவது ஆகும்" என்று அப்பா அலுவலகத்திலிருந்து தூக்கிவந்த பதினோரு செத்துப்போன நெட்வொர்க் ஸ்விட்சுகள் குடியிருந்தன. ஜன்னல் காற்று வேறு அவற்றுக்கு!

அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. அதனால் பதிலே சொல்லாமல் பேப்பர் படித்தார். மூன்று ஞாயிறு படித்தார். நான்தான் பொறுக்கமாட்டாமல் சண்டைக்குப் போனேன். கல்லூரியில் எனக்கும் அதே பாடம்தான்.

"உங்க ஆபீஸ் ஸ்விட்சுக்கு இருக்கிற மரியாதைகூட உங்களுக்கு இல்லையேப்பா? ஒரு டேட்டா பாக்கெட்டை மேல அனுப்ப வழியில்லன்னா, 'போய்ச் சேரல, காரணம் இது'ன்னு அனுப்பினவங்களுக்கே ஐசிஎம்பின்னு ஒரு பிழைத்தகவல் அனுப்புதே!"

"அதையெல்லாம் நான் அணைச்சு வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. "இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பான். ஒண்ணுமே சொல்லலன்னா, காத்திருந்து காத்திருந்து அவனே ஓஞ்சுபோவான்."

இதையும் ஒரு திறமை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற மனுஷரை என்ன செய்வது?

"அம்மா பாக்கெட் இல்ல" என்றேன்.

"சரி, ஸ்விட்ச் மாதிரியே நடந்துக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் பிழைத்தகவல் அனுப்பிட்டே இருந்தா ஸ்விட்சுக்கு வேற வேலையே ஓடாது. அதுக்குத்தான் வரம்பு வச்சிருக்கோம். இனிமே இந்த வீட்டிலயும் வரம்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குறை. முடியாது, கூடாது, சரியில்ல, எல்லாம் அதுல அடக்கம். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"இது அநியாயம்!"

"உன்னோடது இன்னிக்கு முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. வேறு யார் சிரிப்பார்கள்?

"எல்லாருக்கும்தானே?" என்று அம்மா மட்டும் கேட்டாள்.

"எல்லாருக்கும்தான். எனக்கும் சேத்து." தாராள மனசு!

"நல்ல சட்டமா இருக்குங்க" என்றாள் அம்மா. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. போதாக்குறைக்குத் தையல் சாக்கட்டியால் ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று கட்டம் வேறு போட்டாள், எங்கள் மூவருக்கும்.

திங்கட்கிழமை காலை. அம்மா காபி கலந்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்தாள், திறக்காமலே திருப்பி வைத்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அப்பா ஒரு வாய் குடித்தார். "ஐயோ, என்ன கசப்பு! காபியா இது?"

"மறந்துட்டேங்க." இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். அப்படியே போய் அப்பாவின் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். பிறகு நிதானமாக எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தச் சின்ன ரூமை இன்னிக்குக் காலி பண்றேன். பத்து மணிக்குப் பழைய சாமான்காரர் வரார்."

"அதெல்லாம் முடி..."

அம்மாவின் சாக்கட்டி ஃப்ரிட்ஜைக் காட்டியது.

"இது குறை இல்ல! இது... இது அபிப்பிராயம்!"

"முடியாதுங்கறதும் அதுல அடக்கம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?" விடுவேனா?

"அப்ப அந்தச் சட்டமே சரியில்ல! ரத்து!"

"சரியில்லன்னா அதுவும் குறைதான். ஒரு பிழைத்தகவலைப் பத்தி இன்னொரு பிழைத்தகவல் அனுப்பக் கூடாது. ஐசிஎம்பி விதி. அணைச்சு வச்சதுல மறந்துட்டீங்களாப்பா?"

அப்பா மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது போல. சட்டையைத் தட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"நாளைக்குச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். காபி குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."