நாலு கம்பி கிட்டாரும் உங்கள் அக்காவும்

ஒரத்தநாடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அன்பரசன் அவர்களுக்கு, மருதையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா அம்சமும் நலம். சென்னையில் நீங்களும் தங்கச்சி கயல்விழியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்காலும் பச்சை பிடித்துவிட்டது. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பதற வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை வைத்துக்கொண்டு உங்கள் அக்கா கிட்டார் பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விஷயமே அதுதான்.

போன மாதம் பஞ்சநதம் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். இன்னிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டால் உங்கள் அக்கா வரவில்லை. போய்ப் பார்த்தால் மேடை ஓரத்தில், பீரோ அளவு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மாரடைப்போ என்று ஓடினேன். "சும்மா இருங்க, கேக்க விடுங்க" என்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, ஓரமா நின்னு ஒருத்தர் நாலு கம்பி கிட்டார் வாசிச்சாரே, அது எனக்கு வேணும்." "யாருக்கு, பேத்திக்கா?" என்றேன். "எனக்குங்க." நான் கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ்ஸில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. இப்படி ஒன்று கேட்டதில்லை.

உங்கள் அக்காவுக்குப் பாட்டு வராது என்பது உங்களுக்கே தெரியும். தையல் மெஷினில் உட்கார்ந்தால் ரேடியோவில் பாட்டு ஒரு பக்கம் போகும், இவள் 'தும்... தும்தும்...' என்று வேறு பக்கம் போவாள். "ராகம் தப்புது அம்சம்" என்று சொன்னால் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள். இப்போதும் அதைச் சொல்லித்தான் தடுத்துப் பார்த்தேன். "தையல் காசுல வாங்கிக்கிறேன். நீங்க கூட வந்தா போதும்" என்று முடித்துவிட்டாள்.

முதலில் பட்டுக்கோட்டை. கல்யாணத்தில் வாசித்த அந்த ஃபாஜில் தம்பிதான் பழையது ஒன்று விற்கிறார் என்று போனோம். ஐந்து கம்பி வைத்தது. நாலு கம்பி விலைக்கு ஐந்து கம்பி கிடைக்கிறதே, விடக்கூடாது என்று நான் உடனே தலையாட்டினேன். உங்கள் அக்கா அதைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கே?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "ஈரம் பட்டுடுச்சுக்கா. நானும் சொல்லாம தள்ளிவிடலாம்னுதான் பாத்தேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து, தன் சரக்கை ஓரம் கட்டிவிட்டுப் புத்தி சொன்னார். கழுத்து நேராக இருக்க வேண்டுமாம், கம்பி அழுத்தினால் விரல் வலிக்காத உயரத்தில் இருக்க வேண்டுமாம், தோளில் மாட்டி நின்றால் கனம் இழுக்கக்கூடாதாம். கலரைக் கடைசியில் பார்த்தால் போதுமாம்.

நான் கலரைத்தான் முதலில் பார்த்தேன். ஆன்லைனில் ரத்தச் சிவப்பில் ஒன்று, அடிமாட்டு விலை. வாங்கினவர் ஒருவர், 'பார்க்க அழகு, சுவரில் மாட்டியிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். எனக்கு முழுச் சம்மதம். சுவரில் மாட்டினால் சத்தம் வராது அல்லவா? உங்கள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

கடைசியாகத் தஞ்சாவூரில் ஒரு கடை. பர்வின் என்ற பெண் நடத்துகிறது. "ஏம்மா, மத்த கிட்டாருக்கு ஆறு கம்பி, இதுக்கு நாலுதான். ரெண்டு கம்பி குறைச்சலா இருக்கு, விலை மட்டும் எப்படி ஏறுது?" என்று நியாயத்தைக் கேட்டேன். "ஒவ்வொரு கம்பியும் தடிமனா இருக்குல்லங்கய்யா" என்றது. முதலில் காட்டியது பளபளவென்று இருந்தது, ஆனால் கழுத்து நீளம், உங்கள் அக்கா கை எட்டவில்லை. அடுத்ததற்கு உள்ளே பேட்டரி போட வேண்டுமாம், வேண்டாம் என்றாள். மூன்றாவது கழுத்து குட்டை, கலர் கருப்பட்டி. மடியில் வைத்ததும் பொருந்திவிட்டது. "தெரிஞ்ச பாட்டு எதையாவது முணுமுணுங்கக்கா, எந்தக் கம்பியில வருதுன்னு காட்டுறேன்" என்றது பர்வின். இவள் வழக்கம்போல 'தும்... தும்தும்...' என்று ஆரம்பித்தாள். "அவளுக்குப் பாட்டு வராதும்மா" என்றேன். அந்தப் பெண் என்னைக் கண்டுகொள்ளாமல், இவளிடம் பாட்டின் பெயரைக் கேட்டு, போனில் அதைப் போட்டு, பெரிய பெட்டியில் மேல் சத்தத்தைக் குறைத்து அடிச் சத்தத்தைக் கூட்டியது. மாப்பிள்ளை, பாடுகிறவர் குரலுக்குக் கீழே, உங்கள் அக்கா பாடியது அப்படியே ஓடுகிறது. 'தும்... தும்தும்...' ஒரு இழை பிசகவில்லை.

"ஐயா, அக்கா தப்பாப் பாடல. பாட்டுக்கு அடியில ஓடுறதப் பாடுறாங்க" என்றது பர்வின்.

உங்கள் அக்கா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "இதையே கட்டிக் குடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

கூடவே சின்னதாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து பாத்திர ஸ்டாண்டு தானாக நடுங்குகிறது. டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கிறது. ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் துணியை மறந்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். மதியத் தூக்கம் போயிற்று. அதெல்லாம்கூடப் போகட்டும். வருகிற மாதம் பட்டுக்கோட்டைக் கச்சேரியில் ஒரு பாட்டுக்கு வந்து வாசிக்கும்படி ஃபாஜில் கேட்டிருக்கிறார், இவளும் சரி சொல்லிவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டினவள் சேலைக்கு மேல் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? எவனாவது சிரித்துவிட்டால் அவள் தாங்கிக்கொள்வாள், மாப்பிள்ளை. என்னால் முடியாது. ஆகவே நீங்கள் ஒரு நடை வந்து, தம்பி என்ற உரிமையில், மேடை மட்டும் வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் எழுதினேன் என்பது தெரியக்கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் படித்து, பெயரெடுத்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
மருதையன்

பி.கு.: தபால் ஆபீஸ் போக ஒழியாமல் கடிதம் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. இன்று பகல் முழுக்க மெயின்டனன்ஸ் என்று கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் இல்லாவிட்டால் அந்தக் கிட்டார் ஊமைதான். உங்கள் அக்கா அப்படியும் வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் போவது தெரிகிறது, என் நாற்காலிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மரத்தில் காதை வைத்தேன். "என்னங்க?" என்று கையை எடுத்தாள். "நிறுத்தாத" என்றேன்.

எனவே மேலே எழுதியதில் எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். கச்சேரிக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். வரும்போது சென்னையில் இன்னும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மலிவாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். இங்கே இருக்கிற பெட்டியில் சத்தம் போதவில்லை.