புறப்படாத தளபதி

சண்டைக்குப் போகிறவர்களைப் பற்றியும், சண்டை என்றால் ஓடுகிறவர்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அது சண்டைக்குத் தயாராகிக்கொண்டே இருக்கும். பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாமா என்றால், ஐந்நூறு டாங்கி வைத்திருப்பவனை எப்படிப் பயந்தாங்கொள்ளி என்பது? சோம்பேறி என்றும் சொல்ல வழியில்லை. அப்படி உழைக்கிற ஜீவனை மதுரை ஜில்லாவிலேயே பார்க்க முடியாது. கிளம்பாது. அவ்வளவுதான்.

இந்த இனத்தைக் கலப்படமில்லாமல் காண, இரண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் நீங்கள் தல்லாகுளத்தில் தவசி அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு வந்திருக்க வேண்டும். முன்பக்கம் கோர்ட்டுக்குப் போகிற மனுக்கள் டைப்பாகும். பின்பக்கம் அண்டசராசரமும் அழியும். அழிப்பதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. யாருக்கும் பெயர் வாயில் நுழையாததால் "ரோபோ சண்டை" என்றே சொல்வோம். இரண்டாயிரம் வருஷம் கழித்து ஏதோ ஒரு கிரகத்தில் நடக்கிற யுத்தம். ஆளுக்கொரு தலைவன் ரோபோ கொடுப்பார்கள். அது மண்ணைத் தோண்டி உலோகம் எடுக்கும், வெயிலைப் பிடித்து மின்சாரம் ஆக்கும், அதையெல்லாம் போட்டுத் தொழிற்சாலை கட்டும், தொழிற்சாலை டாங்கி டாங்கியாகத் தள்ளும். தலைவன் செத்தால் ஆட்டம் முடிந்தது. இதில் எதிரியைப் போய் அடிக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த ஒரு விதியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஹரிராம் கரைகண்டவன்.

ஹரிராம் கீழவாசல் பக்கத்துப் பையன். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ், பரீட்சையில் இங்கிலீஷ். மூன்றிலும் "இதோ கிளம்பிட்டேன்" என்பதைத் தடையில்லாமல் சொல்வான். ஆட்டம் தொடங்கியதும் அவன் செய்கிற முதல் காரியம் மதில் எழுப்புவது. மதிலுக்கு வெளியே இன்னொரு மதில், அதற்குத் துணையாக மூன்றாவது மதில். பிறகு சூரியத் தகடுகள், பிறகு சுரங்கங்கள், பிறகு அந்தச் சுரங்கங்களைக் காவல் காக்கப் பீரங்கிகள், பீரங்கிகளைக் காவல் காக்கப் பீரங்கிகள். டாங்கிகள் வெளியே வர வர, புதுமண்டபத்துக் கடையில் எவர்சில்வர் பாத்திரம் அடுக்குகிற மாதிரி, சிறியது முன்னால், பெரியது பின்னால் என்று அடுக்குவான். ஒரு டாங்கி வரிசையை விட்டு அரை அங்குலம் தள்ளி நின்றாலும் அதைத் திருப்பிக் கூப்பிட்டு நேராக நிறுத்துவான். ஒரே ஒரு முறை வேவு பார்க்க ஒரு குட்டி விமானத்தை அனுப்பினான். அதை யாரோ சுட்டுவிட்டார்கள். அன்று முழுக்க அவன், வாங்கி வந்த பருத்திப்பாலைக்கூடத் தொடவில்லை.

எப்போது கிளம்புவாய் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். எண்பது இருக்கிறது, நூறு ஆகட்டும் என்பான். நூறு ஆனால், மேலே விமானப்படை இல்லாமல் அனுப்புவது வயசுப்பிள்ளையைத் தனியாக வெளியூர் அனுப்புகிற மாதிரி என்பான். விமானங்களும் வந்து நின்றால், சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, ராகுகாலம் கழியட்டும் என்பான். வேற்றுக் கிரகத்துக்கு ராகு உண்டா? அதையெல்லாம் இந்த இனத்திடம் கேட்கக்கூடாது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். அருள்பாண்டியைக் கேளுங்கள்.

அருள்பாண்டி உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் வேலைத் தேர்வுக்காகத் தவசி அண்ணன் கடையில் தட்டச்சு பழகிக்கொண்டிருந்தான். தேர்வு ஜூன் மாதம். ஆனால் அதற்குள் அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டது. முன்கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி; அது கம்ப்யூட்டர்கள் விடுகிற சூட்டை வாங்கி எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். விரல் வேர்த்து ஓர் எழுத்துக்குப் பக்கத்து எழுத்து விழுந்தது. பின்னால் ஓர் ஏசி அறை உண்டு. உட்கார மூன்று நாற்காலிதான். அந்த அறை தனியாகப் படிக்கத் தனக்கே வேண்டும் என்று கல்லூரி மாணவி சத்யப்ரியா நின்றாள், தங்களுக்கு வேண்டும் என்று அருள்பாண்டியும் ஹரிராமும் நின்றார்கள். சண்டை முற்றியதைப் பார்த்த தவசி அண்ணன், "ரோபோ சண்டையில யாரு ஜெயிக்கிறீகளோ, கோடை முடியுற வரைக்கும் ரூமு அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரை எதிர்த்துத் தனியாக ஆட ஒப்புக்கொண்டாள் சத்யப்ரியா. அருள்பாண்டி அப்போதே மானசீகமாக ஏசிக் காற்றில் உட்கார்ந்துவிட்டான். கூட்டாளி யார் என்பதை அவன் யோசிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அருள்பாண்டியின் இடம் முன்னால், எதிரிக்குப் பக்கத்தில். ஹரிராமின் இடம் பின்னால், பத்திரமான மூலையில். சத்யப்ரியா பெரிதாக ஒன்றும் கட்டவில்லை. ஆறு டாங்கி ஆனதும் அனுப்பினாள். அது செத்தது. எட்டு அனுப்பினாள். அருள்பாண்டி தனியாகத் தாங்கிப் பார்த்தான், ஒரு தொழிற்சாலை போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பக்கத்து நாற்காலியில் ஹரிராமின் கோட்டைக்குள் முந்நூறு டாங்கிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"மாப்ள, ஒரு பத்து அனுப்பு. பத்து போதும்."

"வாரேன் மாப்ள."

"நீ வர வேணாம், டாங்கிய அனுப்பு."

ஹரிராம் வலியைப் பொறுத்துக்கொள்கிற முகத்தோடு திரும்பினான். "பத்தெல்லாம் எப்படி மாப்ள அனுப்புறது? சீர் கொண்டு போற மாதிரி போக வேணாமா? பத்துத் தட்டோட போயி வாசல்ல நின்னா அந்தப் புள்ள நம்மள என்ன நெனைக்கும்?"

வாசகர்களே, இங்கேதான் இந்த இனத்தின் மூளை திறந்து தெரிகிறது. அவனுக்கு அது படை அல்ல, சீர்வரிசை. குறைச்சலாகப் போவதைவிடப் போகாமல் இருப்பது கௌரவம். தட்டுகள் நிறைய வேண்டும், ஒற்றைப்படையில் வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். அங்கே கூட்டாளியின் கழுத்துக்குக் கத்தி வந்துகொண்டிருந்தது. இங்கே நானூற்று முப்பத்தொன்றாவது தட்டுக்கு ஜரிகைக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அருள்பாண்டியின் தலைவன் ரோபோ வெடித்தது. திரை கறுத்தது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்:

"மாப்ள, நான் செத்துட்டேன். இனிமே நிதானமா வா."

இந்த வார்த்தை தைத்துவிட்டது. ஹரிராமின் காது மடல் சிவந்தது. ஐந்நூறு டாங்கிகளையும் ஒரே வளைப்பில் வளைத்து, எதிரி இடத்தைக் காட்டித் தட்டினான். மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வந்து நின்றார். படை சிலிர்த்தது, திரும்பியது, நகர்ந்தது. என்ன காட்சி! மதில்வரை வந்தது. நின்றது.

பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை முட்டின. முன்னால் நின்றவை வழி தேடிச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் கோட்டைக்குள், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கோரிப்பாளையம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது. தவசி அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல வாசல் எங்க?"

"வாசல் வச்சா எதிரி உள்ள வந்துருமேண்ணே" என்றான் ஹரிராம்.

மூன்று மதில். ஒன்றிலும் வாசல் இல்லை. அருள்பாண்டி, செத்தவனுக்கு உரிய பொறுமையோடு, சொந்தச் சுவரைச் சுட்டு வழி பண்ணச் சொன்னான். ஹரிராம் மவுஸைச் சுவரின் மேல் கொண்டுபோனான். விரல் இறங்கவில்லை. ஒவ்வொரு கல்லாக அவன் வைத்தது. கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டை மறுநாளே இடிக்கச் சொன்னால் யாருக்கு மனசு வரும்?

அதற்குள் சத்யப்ரியாவின் மிச்சமிருந்த ஏழு டாங்கிகள் மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டாத தூரத்தில் வந்து நின்றன. மூன்று மதிலைத் துளைக்க அவற்றுக்குத் தெம்பு இல்லை. அவளால் உள்ளே போக முடியாது, இவனால் வெளியே வர முடியாது. கடைசியில் அவள் நாற்காலியைத் திருப்பி, "அண்ணே, தெறக்குறீங்களா, நான் வீட்டுக்குப் போகவா?" என்று கேட்டாள். தவசி அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: வெளியே நிற்கிறவர்தான் ஜெயித்தவர். ஹரிராமுக்கு வருத்தமே இல்லை. "ஆனா ஒண்ணு பாத்தீங்களாண்ணே, நம்ம பக்கம் ஒரு கீறல் இல்ல" என்றான். பக்கத்தில் செத்துக் கிடந்த கூட்டாளி கணக்கில் வரவில்லை.

அருள்பாண்டி தட்டச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மின்விசிறியை நோக்கி நடந்தான். ஏசி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சத்யப்ரியா அவனைக் கூப்பிட்டாள். "நீங்க உள்ள வாங்கண்ணே. நீங்களாச்சும் சண்டை போட்டீங்க." பிறகு, மூன்றாவது நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, ஹரிராமையும் கூப்பிட்டாள்.

"நீங்க போங்க" என்றான் ஹரிராம், திரையை விட்டுக் கண் எடுக்காமல். "எல்லாம் கலைஞ்சு கெடக்கு. இந்த வரிசைய நேராக்கிட்டு வாரேன்."

அருள்பாண்டி ஜூன் மாதம் விரல் வேர்க்காமல் தேர்வு எழுதி, பெங்களூர் போய்ச் சேர்ந்தான். ஹரிராம் அந்தக் கோடை முழுவதும் வரிசையை நேராக்கினான். ஏசி அறைக்கும் அவன் நாற்காலிக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதுவும் பூட்டாத கதவு.

இந்த இனம் மதுரையோடு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது நான் வசிக்கிற குளிர் பிரதேசத்தில் போன வாரம்வரை என் மேல்மாடியில் இருந்தவர் அலங்காநல்லூர்க்காரர். அடுத்த பொங்கலுக்கு ஊரோடு போய்விடுவதாக வருஷா வருஷம் சொல்கிறார்; பெட்டிகள் கட்டித் தயாராக இருக்கின்றன; போன வாரம் அந்தப் பெட்டிகளை வைக்க இடம் போதாமல் இன்னும் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோனார்.

நீங்கள் அப்படி இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இது அவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, அவனிடம் காட்ட வேண்டும் என்று ஒரு பெயர் உங்கள் மனதில் ஓடியிருக்குமே? நல்லது. இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவீர்களா? இல்லை, வெறும் இதை மட்டும் எப்படிக் காட்டுவது, இன்னும் நாலு நல்லது சேரட்டும், மொத்தமாகக் காட்டலாம் என்று பக்கத்தைப் பத்திரமாக மடித்து வைப்பீர்களா?

மெதுவாக மடியுங்கள், தளபதி. ஓரம் நேராக வரட்டும்.