முதலில் ‘வீடு’ என்று சொன்னவர்

ஒரு மனிதன் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாத நாள் ஒன்று உண்டு. அவன் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள்.

அயோவாவில் ஒரு சின்ன ஊர்த் தபால் நிலையம். அங்கே முப்பத்தொரு வருடம் ஒரே கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் நான். பெயர் வெர்லின் ஹாஸ்கெட். வழியனுப்பு விருந்தில் கேக் வெட்டிய கையோடு மைக்கைப் பிடித்தேன்.

“வீடு என்பது என்ன? கூரை போட்ட கூண்டு! நகர வாழ்க்கையை விட்டுவிட்டு நகர்கிற வாழ்க்கைக்குப் போகிறோம் நானும் மார்னாவும். கேரவன் வாங்கியாகிவிட்டது. வீட்டை விற்கப் போகிறோம். இனிமேல் சக்கரத்தின் மேல்தான் குடித்தனம்!”

ஊரே கைதட்டியது. மார்னா தட்டவில்லை. மார்னா என் மனைவி. கேரவன் வாங்கிய விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பூகம்பத்தை எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, “சரி, போலாம்” என்றாள். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். நான் விசில் அடித்தேன்.

இது நடந்து பதினாறு மாதம் ஆகிறது. இப்போது உங்களிடம் மட்டும் ஒரு உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கேரவன் வாழ்க்கை சுத்தமாகப் பிடிக்கவில்லை.

குளிக்கும்போது சோப்பு கீழே விழுந்தால் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். எடுக்கக் குனிந்தால் என் பின்பக்கம் கதவைத் திறந்துவிடும். திறந்தால் எதிரே அடுப்படி. அடுப்படியில் மார்னா. சில நாள் மார்னாவின் சிநேகிதிகளும். ஏசி ஓடினால் மைக்ரோவேவ் ஓடாது. இரண்டையும் ஓட்டினால் கரண்ட் ஓடிவிடும். கட்டிலில் சுவரோரம் என் இடம். காலையில் எழ வேண்டுமானால் மார்னா என்கிற மலையைத் தாண்டி வர வேண்டும். மலை விழித்துக்கொண்டால் திட்டும்.

புது இடத்தில் வண்டியை நிறுத்தினால் முதலில் மட்டம் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து நான் மட்டம் பார்ப்பேன். பக்கத்தில் நின்று மார்னா என்னை மட்டம் தட்டுவாள். அதற்கு முன்னால் பின்பக்கமாக ஓட்டி நிறுத்துகிற வைபவம் ஒன்று இருக்கிறது.

“லெஃப்ட்ல ஒடி!”

“எந்த லெஃப்ட்? உன் லெஃப்டா, என் லெஃப்டா?”

“மரம் இருக்குற லெஃப்ட்!”

மரம் இருந்தது. இப்போது இல்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போய் உட்கார ஓர் அறை வேண்டாமா? இங்கே கோபித்துக்கொண்டு போக மொத்தம் நாலடிதான். நாலாவது அடியில் கதவு. அதைத் தாண்டினால் பாலைவனம்.

எனக்கு ஒரு வீடு வேண்டும். தரையோடு ஒட்டிய வீடு. காலை நீட்டிப் படுக்கக் குளியல் தொட்டி உள்ள வீடு.

ஆனால் அதை எந்த வாயால் கேட்பது? மைக் பிடித்த வாயாலா? என் மகள் ட்ரூடி ஞாயிறுதோறும் போன் பண்ணி, “என்னப்பா, ஆசை தீர்ந்துச்சா?” என்று கேட்பாள். “இப்பதான் கண்ணு ஆரம்பிச்சிருக்கு” என்பேன். சொல்லும்போதே முதுகு வலிக்கும்.

ஆகவே திட்டம் போட்டேன். ‘வீடு’ என்ற சொல் முதலில் மார்னாவின் வாயிலிருந்து வர வேண்டும். வந்ததும் நான் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு தொண்டை அடைக்க, “உனக்காக என் கனவை விட்டுக்கொடுக்கிறேன், மார்னா” என்று சொல்ல வேண்டும். அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் இருபது முறை ஒத்திகை பார்த்தேன். கேரவன் கண்ணாடி உள்ளங்கை அகலம். மூக்கு மட்டும் நன்றாக நடித்தது.

இந்தக் குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் ‘டஸ்ட்டி ஸ்பர்’ என்ற முகாமில் இருந்தோம். தொண்ணூறு கேரவன்கள். அத்தனையிலும் எங்களைப் போல நரைத்த தலைகள்.

முதல் நாள், மார்னா குளிக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெந்நீர் ஸ்விட்சை அணைத்தேன். காத்திருந்தேன். ஓர் அலறல் வந்தது. ஆஹா, சங்கீதம்!

“வெர்லின்! ஹீட்டர் போச்சு!”

“அடடா. இந்தக் கேரவனே இப்படித்தான். பாவம், உனக்குத்தான் கஷ்டம்.”

“எனக்கு என்ன கஷ்டம்? முகாம்ல பொம்பளைங்களுக்குத் தனியா குளியலறை கட்டிவச்சிருக்காங்களே.”

துண்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் ரோஜாப்பூவாகத் திரும்பி வந்தாள்.

“அருவி மாதிரி கொட்டுது வெந்நீர்! ஆறு பேர் சிநேகிதம் ஆயிட்டாங்க. இனிமே தினமும் அங்கதான்.”

“நானும் போறேன். ஆம்பளைங்க குளியலறை எங்க இருக்கு?”

“அத ரிப்பேர் பண்றாங்களாம். ஒரு வாரம் ஆகும்.”

ஸ்விட்சைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஜனவரி மாதம். பல் தந்தியடித்த சத்தத்தில் பக்கத்துக் கேரவன் நாய் குரைத்தது.

அடுத்து, மார்னா இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பக்கத்துச் சக்கரத்தின் கீழிருந்த பலகையை உருவினேன். வண்டி சாய்ந்தது. கட்டில் சாய்ந்தது. மார்னா வந்தாள், படுத்துப் பார்த்தாள்.

“ஏதோ சாஞ்சா மாதிரி இருக்கே?”

“பூமி அப்படி. பாலைவன மண்ணு இறங்கும். எத்தனை நாள்தான் நீயும் பொறுத்துக்குவ, சொல்லு? மனசுல இருக்கிறத வெளிப்படையா சொல்லிடு.”

“சொல்லட்டுமா?”

“சொல்லும்மா!” வானத்தைப் பார்க்கத் தயாரானேன்.

“ரெண்டு வருஷமா இருந்த இடுப்புவலி இந்தச் சாய்வுல படுத்ததும் விட்டுப்போச்சு. அப்படியே இருக்கட்டும்.”

கேரவன் ஃப்ரிட்ஜ் ஒரு கர்வி. மட்டமாக நின்றால்தான் குளிரும். மறுநாள் காலை திறந்தால் நான் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் பாயசமாகியிருந்தது. நான் ஆற்றில் பிடித்துவைத்த மீன் வேறு என்னவோ ஆகியிருந்தது. மார்னாவின் கேரட்டும் முட்டைக்கோசும் மட்டும் சௌக்கியம்.

“நல்லதாப் போச்சு. பத்து நாளைக்கு ரெண்டு பேருக்கும் காய்கறிதான்” என்றாள்.

இனி நிபுணர் உதவி இல்லாமல் ஆகாது என்று டுவேனிடம் போனேன். டுவேனுக்கு எழுபத்திரண்டு வயது. முகாமில் தேன் வண்டி ஓட்டுகிறவர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஒவ்வொரு கேரவனுக்கு அடியிலும் கக்கூஸ் கழிவு சேருகிற தொட்டி ஒன்று இருக்கும். அதை உறிஞ்சி எடுத்துப் போகிற லாரிக்குத்தான் அங்கே தேன் வண்டி என்று பெயர். அது வரும்போது குழாயை மாட்டி வால்வைத் திறந்துவிடுவது எங்கள் கேரவனில் என் வேலை. அதைச் செய்த நாளெல்லாம் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

“தம்பி, அந்தக் குழாயை ஒரே ஒரு தடவை உன் வீட்டுக்காரி கையில குடு. அன்னைக்குச் சாயங்காலமே வீடு கேப்பா.”

“அண்ணே, நீங்க தெய்வம்.”

“அதெல்லாம் வேணாம். இந்த வேலைய விட்டுட்டு எப்படா மக வீட்டுக்குப் போவோம்னு நானே காத்துக்கிட்டு இருக்கேன். ஆள்தான் கிடைக்கல.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை தேன் வண்டி வரும் சத்தம் கேட்டதும் முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தேன்.

“ஐயோ மார்னா! முதுகு! குனியவே முடியல! இன்னைக்கு ஒரு நாள் நீ…”

“படுத்துக்க. நான் பாத்துக்கறேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரப்பர் கையுறையை மாட்டினாள். குளியலறைச் சிநேகிதிகள் ஆறு பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டுவேன் என்னவோ சொல்லிக்கொடுத்தார். குழாயை மாட்டினாள், வால்வை இழுத்தாள், ஏதோ ஜோக் வேறு அடித்தாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டே நிமிடம். மூன்று சக்கர வண்டியில் அந்தப் பக்கம் வந்த முகாம் சொந்தக்காரி லியோட்டா அம்மா நின்று கைதட்டிவிட்டுப் போனார்.

மார்னா உள்ளே வந்தாள். “இதுக்குத்தானா பதினாறு மாசமா மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டு இருந்த?”

முதுகுவலி வந்துவிட்டது. வந்ததை உடனே அனுப்பவும் முடியாது. நாலு நாள் கட்டிலில் கிடந்தேன். ஆறு பெண்களும் முறை வைத்து வந்து ஆளுக்கொரு களிம்பு தடவினார்கள். ஒன்று குதிரைக்குப் போடுவது. சனிக்கிழமை மீன்பிடிக்கப் போக முடியாது. முதுகுவலிக்கு பீர் ஆகாது என்று மார்னா சட்டம் போட்டாள். தினமும் நாலு மணிக்கு எல்லோரும் வெளியே வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். நான் முட்டைக்கோசு மென்றபடி அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை மார்னா ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து என் வயிற்றின் மேல் விரித்தாள்.

“வெர்லின், நீ படுத்துக் கிடக்கிறதப் பாத்தா மனசு கேக்கல. உனக்கு ஊர் சுத்துறதுதான் உயிர். அதான் முடிவு பண்ணிட்டேன். ஏப்ரல்ல கிளம்பி அலாஸ்கா போறோம்.”

“அலாஸ்காவா?”

“நாலாயிரம் மைல். சில இடத்துல ரோடே இருக்காதாம். கல்லு குதிச்சு வந்து கண்ணாடிய உடைக்குமாம். கொசு குருவி சைஸுக்கு இருக்குமாம். ஆறு மாசம்! நீயும் நானும் மட்டும், இதே கேரவன்ல! சந்தோஷமா?”

“மார்னா…”

“போயிட்டு அப்படியே கனடா முழுக்கச் சுத்திட்டு…”

“வேணாம்!” கத்தினேன். வரைபடம் பறந்தது. “எனக்கு வீடு வேணும்! நகராத வீடு! கூண்டா இருந்தாலும் பரவாயில்ல!”

சொல்லிவிட்டேன். பதினாறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததற்குப் பலனில்லாமல் போயிற்று.

மார்னா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை.

“ஹீட்டர் ஸ்விட்ச அணைச்சா அதுக்கு மேல இருக்குற சிவப்பு விளக்கும் அணையும், வெர்லின். பலகைய உருவி என் நாற்காலிக்கு அடியிலதான் ஒளிச்சு வச்சிருந்த. மிச்சத்த டுவேன் சொல்லிட்டார்.”

“அப்ப எல்லாம் தெரிஞ்சும்… நீயே வீடு வேணும்னு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா சாகுற வரைக்கும் ‘இவளாலதான் என் கனவு போச்சு’ன்னு ஊரெல்லாம் சொல்லுவ. முதல் மாசம் துணி துவைக்கிற கடையில மெஷின் முன்னால உக்காந்து அழுதேன், தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருக்காது. நீ டயருக்குக் காத்தடிச்சிக்கிட்டு இருந்த.”

அவள் கையைப் பிடித்தேன். ரப்பர் கையுறை வாசனை அடித்தது. அப்படியும் விடவில்லை.

“உன்னைக் கேக்காம வீட்ட வித்தது தப்புதான்” என்றேன்.

“தப்புதான்” என்றாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். “முகாம் வாசல்ல பச்சைக் கதவு போட்ட வீடு இருக்குல்ல? இனி அதுதான் நம்ம வீடு.”

“எப்படி?”

“லியோட்டா அம்மாவுக்கு வயசாச்சு. முகாமைப் பாத்துக்க ஒரு தம்பதி வேணுமாம். வேலை பாத்தா வீடு சும்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம்.”

ஓடினேன். ஆமாம், ஓடினேன். வீடு! உண்மையான சுவர்! தட்டினால் ஆடவில்லை. குளியல் தொட்டியில் செருப்போடு படுத்துக் காலை நீட்டினேன். சுவர் தட்டவில்லை. இரண்டாவது அறைக்கு நிஜக் கதவு. கோபம் எதுவும் இல்லாமலே உள்ளே போய் மூன்று முறை சாத்திச் சாத்தித் திறந்தேன்.

வாசலில் லியோட்டா அம்மா தாள்களோடு வந்து நின்றார்.

“முதுகு முடியலன்னு கேள்விப்பட்டேனே? இந்த வேலைக்கு முதுகு முக்கியம்பா.”

வீடு கைநழுவிவிடுமோ என்று எனக்குப் பதறியது.

“முதுகா? பாருங்கம்மா!” குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டேன். தண்ணீர் கேனைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஒரு சுற்று சுற்றிக்கூடக் காட்டினேன்.

“பலே. உன்ன மாதிரி பலசாலியத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்று பேனாவை நீட்டினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் ‘படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க’ என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

மை காய்வதற்குள் டுவேன் வந்தார். கையில் பெட்டி. தோளில் பை. முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. ஒரு ஜோடி ரப்பர் கையுறையையும் இன்னொரு சாவியையும் என் கையில் வைத்தார்.

“தம்பி, ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும். பாத்து ஓட்டு.”

“எது அண்ணே?”

“தேன் வண்டி. தினமும் பதினஞ்சு கேரவன். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.”

“என்னது? அநியாயம்! என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணலாம்? நான் மேனேஜர்கிட்டப் பேசணும்! எங்க இங்க மேனேஜர்?”

பக்கத்திலிருந்த முகாம் ஆபீஸ் ஜன்னல் திறந்தது. மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு மார்னா எட்டிப் பார்த்தாள்.

“நான்தான். சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?”