ஸ்வீடிஷுக்குச் சீர் பிரித்தவன்

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு உலகத்து மொழிகளெல்லாம் பாதி தெரிந்துவிட்டதாக ஒரு திமிர் வரும். எனக்கு முழுதாகவே வந்தது. அதன் பலனை அனுபவித்தவள் என் அக்கா.

2010. அக்காவின் கணவர் இறந்து எட்டு மாதம். அக்கா கடலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். இரண்டு பெண் பிள்ளைகள். ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் சொன்னார். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். போனில் பத்து வரி ஸ்வீடிஷ் வாசித்துக் காட்டினால் போதும். கேட்டுப் பழக ஒரு சிடியும் கொடுத்திருந்தார்.

சிதம்பரத்திலிருந்து நான் கிளம்பினேன். (யாரும் கூப்பிடவில்லை.)

அந்த மொழியில் மூன்று நான்கு சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். பி.பி. பார்க்கும் கருவிக்குப் பெயர் ‘ப்ளூட்த்ரிக்ஸ்மேத்தரே’. சிடியில் ஒரு பெண் முதல் துண்டை நன்றாக அழுத்தி, நடுவில் சறுக்கி, கடைசித் துண்டில் லேசாக ஊன்றிச் சொன்னாள். அக்கா அதைக் காதால் பிடித்து அப்படியே சொன்னாள்.

“என்னக்கா, பாட்டு மாதிரி இழுக்கற? சிடிய நிறுத்து.”

பென்சிலை எடுத்து அசை பிரித்தேன். ப்ளூட், த்ரிக்ஸ், மேத், தரே. நேர், நேர், நேர், நிரை. தேமாந்தண்ணிழல்! நம் பாட்டுகளிலேயே அபூர்வமான நாலசைச் சீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் என்று முடிவு செய்து, அசைக்கு ஒரு தட்டாக ஸ்கேலால் மேசையில் தட்டிக் காட்டினேன்.

“சிடில அப்படி சொல்லலியேடா?”

“அவுங்க அவசரத்துல சொல்றாங்க. நீ என்ன நம்பு.”

நம்பினாள். பத்து நாள் மனப்பாடம் செய்தாள்.

முதியோர் இல்லத்து அம்மாள் ஒருவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். அக்கா வாசிக்க, நான் எதிரே உட்கார்ந்து தட்டினேன். அந்தப் பக்கத்தில் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். நான் இன்னும் பலமாகத் தட்டினேன். பிறகு அந்த அம்மாள் ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார்கள், போய்த் திறக்கிறீர்களா? வந்ததும் நாங்கள் அனுப்பிய ஸ்வீடிஷ் பகுதியை வாசியுங்கள்.”

வேலை கிடைக்கவில்லை. அக்கா போனை வைத்துவிட்டு, “சாப்புட்டு கெளம்புடா, பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றும் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் அக்கா பெண்கள் இருவரும் மேசையைத் தட்டுவார்கள். “மாமா, யாரோ கதவ தட்றாங்க, போய் தொறங்க!” வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, அதே கிளினிக்குக்குக் கிளம்பிப் போவாள்.